அவன்கிட்ட சொல்லு

தைலம்மாளைப் புதைத்த மூன்றாம் நாள் காலை, பால் ஊற்ற அவள் பிள்ளைகள் இருவரும் இடுகாட்டுக்கு வந்திருந்தார்கள். அண்ணன் பச்சமுத்துவும் தம்பி வேடியப்பனும் எதிரெதிர் வீட்டுக்காரர்கள். திருக்கோவிலூர் மரவாடிக்கு ஒரு வேப்பமரத்தை விற்றதில் மூண்ட சண்டை. அதற்குப்பின் இரண்டு வீட்டிலும் பேரப்பிள்ளைகள்கூட வந்துவிட்டார்கள். பேச்சு மட்டும் வரவில்லை.

ஆனாலும் கரும்பு வெட்ட இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். நடுவே அம்மா இருந்தாள். "யம்மா, அவன்கிட்ட சொல்லு" என்று பச்சமுத்து ஆரம்பிப்பான். தம்பி பக்கத்திலேயே நின்றாலும் அவள் வாயால் சொன்ன பிறகுதான் காதில் வாங்குவான். வேடியப்பன் வாய்க்கு வந்தபடி திட்டினால், "சாப்ட்டியான்னு கேக்குறான்டா" என்று பச்சமுத்துவிடம் வந்து சொல்வாள். திட்டியது தெருவுக்கே கேட்டிருக்கும். அவனும், "சாப்ட்டேன்னு சொல்லு" என்பான். களையெடுத்து இருவரையும் வளர்த்தவள், கடைசிக் காலத்தில் அந்தத் தெருவைக் கடந்து கடந்தே தேய்ந்து போனாள்.

தாய்க்குக் கடைசிப் பிள்ளைதான் முதலில் பால் ஊற்ற வேண்டும். வேடியப்பன் செம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பச்சமுத்து மண்மேட்டைப் பார்த்து, "யம்மா, அவன ஊத்தச் சொல்லு" என்றான்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. பங்காளிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இப்போதாவது நேராகச் சொல்லிவிடலாம் என்று தம்பி பக்கம் திரும்பினான்.

வேடியப்பனும் மண்மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சொல்றான்மா?" என்றான்.