குடிக்கலாம்

1

இந்தக் கதை ஓசி பீரில் பிறந்தது. சிறு தயாரிப்பாளர்களின் வட்டார பீர்ப் போட்டிக்குத் தொண்டர்கள் தேவை என்று ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். தொண்டு என்றாலே எனக்குக் கொஞ்சம் தாகம் எடுக்கும்; போனேன். கையில் தண்ணீர் ஜாடியைக் கொடுத்து, "நடுவருங்க தம்ளர் காலியானா ஊத்துங்க, ரொட்டித் தட்டு தீர்ந்தா மாத்துங்க, பேசாதீங்க" என்றார்கள். சாயங்காலம்வரை ஊற்றினேன். ஒரு சொட்டு பீர் நாக்கில் படவில்லை.

அங்கே மூன்றாம் மேசையில் ஒருவர் சின்னக் கோப்பைக்குள் மூக்கை நுழைத்தவர் வெளியே எடுக்கவே இல்லை. குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. நான் ஜாடியோடு இரண்டு சுற்று வந்துவிட்டேன். அப்படியே இருந்தார்.

நான் பார்த்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் புளுகு.

2

முதல் தொடக்கம்: "பீர் நடுவர் என்பவர் குடிகாரர் அல்லர்." (அடித்தாயிற்று. இப்படித் தொடங்கினால் என் மனைவியே இரண்டாம் வரியில் மூடிவைப்பாள்.)

இரண்டாம் தொடக்கம்: "அந்தப் பொன்னிறத் திரவத்தில் அவர் தன் வாழ்க்கையையே" ('கண்டார்' என்று முடிக்க வேண்டும். கை கூசியது.)

மூன்றாம் தொடக்கம், தேறியது: அவரை எல்லோரும் மூக்கர் என்றார்கள். தண்ணீர் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் குழாய்த் தண்ணீரை முகர்ந்து முகர்ந்து, 'வாசனை: இல்லை' என்று எழுதிச் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு, ஏதாவது வாசனை அடிக்கிற பொருளாகப் பார்த்து முகரலாமே என்று பீருக்கு வந்தார்.

3

நடுவர் மேசையின் சட்டங்கள் கடுமையானவை. வாசனைத் திரவியம் பூசக் கூடாது. மரப் பென்சில் கூடாது. சீவிய மரம் மணக்கும், பீரில் இல்லாத காட்டை நடுவர் பீரில் கண்டுபிடித்துவிடுவார். அழுத்தினால் முனை நீளுகிற பிளாஸ்டிக் பென்சில்தான். ஒயின் நடுவர் துப்பலாம். பீர் நடுவர் விழுங்கியாக வேண்டும், தொண்டையில் இறங்கும்போதுதான் கசப்பு முழுதாகத் தெரியும். (இந்த வரிக்கு அடியில் நான் எதையும் ஒளித்துவைக்கவில்லை. அப்படித் தோன்றினால் அது உங்கள் பாடு.) கோப்பையில் பெயர் இருக்காது, எண் மட்டும். யாருடையது என்று தெரிந்துபோனால் எழுந்து விலகிக்கொள்ள வேண்டும். மேசைக்கு இரண்டு நடுவர். கோப்பைக்கு ஒரு தாள். குறிப்புக் கட்டத்தை முறைவைத்து ஒருவர் நிரப்புவார்.

எண் 417 வந்தபோது முறை மூக்கருடையது. தேன் நிறம், மெல்லிய நுரை. உள்ளங்கையால் மூடி, சுழற்றி, திறந்து, முகர்ந்தார்.

"வெண்ணெய் அடிக்குது," என்றார் சக நடுவர். பள்ளியில் வேதியியல் எடுப்பவர், அங்கே எல்லோருக்கும் டீச்சர்.

மூக்கர் மறுபடி முகர்ந்தார்.

"பால் மிட்டாய் மாதிரி இருக்கு. யாரோ அவசரக்குடுக்கை. இன்னும் ரெண்டு நாள் வெதுவெதுப்புல விட்டிருந்தா ஈஸ்ட்டே இதைத் தின்னு தீர்த்திருக்கும். அதுக்குள்ள தூக்கிக் குளிர்ல வெச்சாச்சு. என்ன சார், மூக்கு உள்ளயே மாட்டிக்கிச்சா?"

"ம்."

"ம்னா?"

"வெண்ணெய்தான்."

அந்த அவசரக்குடுக்கையை அவருக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். அதில் கடைசி ஒன்றரை வருடம் அவன் உயிரோடு இல்லை.

4

முதல் பிரதியில் அவன் நண்பனாக இருந்தான். இரண்டாவதில் பழைய கூட்டாளி. மூன்றாவதில் தம்பி ஆனான், அதற்குப் பிறகு மாற மறுத்துவிட்டான். ஏன் தம்பி என்று கேட்காதீர்கள். ஏழாம் பகுதிவரை சொல்வதாக இல்லை.

தம்பி எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன். சைக்கிளுக்கு அடித்த பெயின்ட் காயுமுன் ஏறி உட்கார்ந்து, ஒரு வாரம் நீலப் பின்புறத்தோடு அலைந்தவன். நாற்பத்து நாலு வயதில் வங்கி வேலையை விட்டுவிட்டு, பழைய டயர் கிடங்கு ஒன்றில் சின்னதாக பீர் காய்ச்சி விற்க ஆரம்பித்தான். அவன் பீரும் பெயின்ட் காயாத பீர்தான். ஒவ்வொரு முறையும் அதே வெண்ணெய்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, இதே போட்டியில், அந்த வாசனை மூக்கர் மேசைக்கு வந்தது. தெரிந்துவிட்டது. எழுந்திருக்க வேண்டும், எழவில்லை. தனக்குப் பாரபட்சம் இல்லை என்று தனக்கே நிரூபிக்க ஆசைப்பட்டு, ஐம்பதுக்கு இருபத்து நான்கு போட்டார். என்ன செய்தால் சரியாகும் என்று எழுதவேண்டிய கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: குடிக்கலாம்.*

அன்று சாயங்காலமே தம்பி கூப்பிட்டான்.

"அண்ணா, யாரோ ஒரு புண்ணியவான் 'குடிக்கலாம்'னு எழுதியிருக்கார்."

"அப்படியா."

"விஷம் இல்லைன்னு சர்ட்டிபிகேட் குடுத்த மாதிரி இருக்கு. அந்த மேசைல நீ இல்லையே?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுடா."

"சரி, சரி. ஒரு நாள் கடைக்கு வாயேன்."

"வர்றேன்."

போகவில்லை.

(* ஆய்வுக்கூடத்தில் ஒரு தண்ணீர் எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டால் தாளின் அடியில் எழுதும் வார்த்தை அது. தண்ணீருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. மூக்கர் அன்று அதைக் குத்தலாக எழுதினாரா, இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் தன்னிடம் இருந்த மிக உயர்ந்த சொல்லை எடுத்துக் கொடுத்தாரா? அவரைப் படைத்தவன் நான், எனக்கே தெரியாது. அவருக்கும் தெரியாது என்பதுதான் அவருடைய சங்கடம்.)

5

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த தம்பி எழுந்திருக்கவில்லை. அதிலும் அவசரம். எல்லாம் முடிந்த பிறகு, கிடங்கை ஒழுங்குபடுத்தத் தம்பி மனைவிக்கு உதவலாம் என்று மூக்கர் முதல் தடவையாக அந்தக் கடைக்குப் போனார். வாசலில் அண்ணாந்து பார்த்தவர் அங்கேயே நின்றார்.

தகரப் பலகை. முழ உயர எழுத்தில் 'குடிக்கலாம்'. பெயின்டரின் எழுத்து இல்லை அது. 'டி'யின் மேல்சுழி தேவைக்கு மேல் ஒரு சுற்று சுற்றியிருந்தது. அவருடைய கையெழுத்து.

"அந்த மார்க் தாளைப் பெரிசாக்கிக் குடுத்து, அச்சு அசலா எழுதச் சொன்னார், மாமா," என்றாள் தம்பி மனைவி.

"யார் எழுதினதுன்னு அவனுக்கு..."

"கேட்டேனே. இப்படிச் சுழிக்கிறவன் உலகத்துலயே ஒருத்தன்தான், எனக்கு 'டி' போடச் சொல்லிக்குடுத்ததே அவன்தான்னார்."

"கோவமா இருந்தானாம்மா?"

"வர்றவங்ககிட்டல்லாம் சொல்லுவார், தைரியமாக் குடிங்க, எங்க அண்ணனே குடிக்கலாம்னு சொல்லியாச்சுன்னு." மூலையைக் கை காட்டினாள்: "நீங்க வருவீங்கன்னு அந்த மூலைல ஒரு ஸ்டூல் போட்டு வெச்சிருந்தார். எத்தனை நாள்தான் காலியாக் கிடக்கும்னு நான்தான் அது மேல பார்லி மூட்டையைத் தூக்கி வெச்சேன்."

(கோபமாக இருந்தானா என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. எழுதும்போது நான் கவனிக்கவில்லை. இப்போது சேர்க்கலாம். சேர்க்கப்போவதில்லை.)

6

கடையை அவள் மூடவில்லை. தம்பியின் நோட்டை வைத்துக்கொண்டு அவளே காய்ச்சினாள். அதில் 'ஒன்பதாம் நாள் குளிர்' என்று இருந்தால் ஒன்பதாம் நாள் குளிர். அது சமையல் குறிப்பு அல்ல, ஒரு மனிதனுடைய பொறுமையின்மை என்று அவளுக்குத் தெரியாது. அவசரமே இல்லாத அந்தப் பெண், அவனுடைய அவசரத்தை நாள் தவறாமல் நகலெடுத்தாள்.

"ஒரு எழுத்துகூட மாத்தல மாமா," என்று போன மாதம் சொல்லியிருந்தாள். "ஆனா அவர் போனதுக்கப்புறம் கூட்டம் குறைஞ்சுபோச்சு. அவர் பேச்சுக்காக வந்தவங்க பீருக்காக வரல. அதான் போட்டிக்கு அனுப்பறேன். என்ன குறைன்னு நடுவருங்க எழுதுவாங்கள்ல, திருத்திக்கிறேன்."

இப்போது புரிகிறதா, கோப்பைக்குள் மூக்கை நுழைத்தவர் ஏன் வெளியே வரவில்லை என்று? 'இரண்டு நாள் கூடப் பொறுக்கவும்' என்று எழுதினால் போதும். பீர் திருந்தும். கடை பிழைக்கும். அந்த வெண்ணெய் வாசனை உலகத்தில் எங்கேயும் இருக்காது. தம்பியின் சட்டைகளைத் துவைத்தாயிற்று. தலையணையையும் மாற்றியாயிற்று. மிச்சம் இது ஒன்றுதான்.

"நான் இருபத்தாறு போட்டுட்டேன்," என்றார் டீச்சர். "குறிப்பு எழுதுங்க சார். அடுத்தது நுரை அடங்குது."

7

முடிவு அ: மூக்கர் எழுந்து விலகுகிறார். சட்டப்படி சரி. குறிப்பை டீச்சர் எழுதுவார். தம்பியை யாரோ ஒருவர் துடைத்துவிடுவார். அண்ணன் இரண்டாவது முறையும் ஒன்றும் சொல்லாதவராகவே இருப்பார்.

முடிவு ஆ: நாற்பது போட்டு 'அருமை' என்று எழுதுகிறார். வாசனை இருக்கும். அடுத்த வருடம் கடை இருக்காது. பலகை பழைய இரும்புக்குப் போகும்.

முடிவு இ: உண்மையை எழுதுகிறார். மறு வருடம் ஒரு கோப்பை வருகிறது. மூக்கை நுழைக்கிறார். சுத்தமாக இருக்கிறது. பழைய வேலை ஞாபகத்தில் 'வாசனை: இல்லை' என்று எழுதுகிறார். டீச்சர் ஏன் சார் என்று

(நிறுத்திவிட்டேன். இதைத்தான் முடிவாக வைப்பதாக இருந்தேன். அழகாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்ட நிமிடத்தில் என் மேலேயே அருவருப்பு வந்தது.)

ஏழாம் பகுதியில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். எனக்கும் ஒரு தம்பி. அவன் ஒரு கதை எழுதி, நாற்பது பக்க நோட்டில், பிழைகளோடு, மூச்சிரைக்கக் கொண்டுவந்து கொடுத்தான். நான் அப்போது இரண்டு கதை அச்சில் கண்டுவிட்ட பெரிய மனிதன். ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதித் திருப்பிக் கொடுத்தேன்: படிக்கலாம்.

அவன் பலகை எதுவும் மாட்டவில்லை. அதற்குப் பிறகு எதுவும் எழுதவும் இல்லை. இப்போது அவன்

(இந்த வாக்கியம் ஆறு பிரதிகளாக இப்படியே நிற்கிறது.)

8

மூக்கர் பென்சிலை அழுத்தினார். முனை நீண்டது. கோப்பையை எடுத்து, இந்த முறை குடித்தார். விழுங்கினார். குறிப்புக் கட்டத்தில் 'கு' என்று எழுதினார்.

"என்ன சார், ஒரு எழுத்தோட நின்னுட்டீங்க?"

குறை என்று தொடங்கலாம். குளிர வைப்பதற்கு முன் என்று தொடங்கலாம். அந்தப் பழைய வார்த்தைக்கும் அதே எழுத்துதான். மூன்றும் கூட்டமாக வந்து பென்சில் முனையில் நிற்கின்றன. நான் ஜாடியோடு வந்து, ஏற்கெனவே நிறைந்திருந்த அவர் தம்ளரில் இன்னும் ஊற்றுகிறேன், வேறென்ன செய்வது என்று தெரியாமல். தண்ணீர் வழிகிறது. தாள் நனையாமல் அவர் அதை நெஞ்சோடு தூக்கிக்கொள்கிறார்.

இதற்கு மேல் என்னால் முடியாது. பென்சிலை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள்: இந்தக் கதையின் ஓரத்திலோ, வேறு யாருடைய நோட்டின் ஓரத்திலோ, ஒரே ஒரு வார்த்தை எழுதலாம் என்று தோன்றினால், இரண்டு நாள் பொறுத்து எழுதுங்கள்.

எண்: 417
குறிப்பு: கு