ஆணி இல்லாமல் கொலுப்படி செய்யும் முறை

1

கதை எழுதித் தருவதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் கல்கத்தா தமிழ்ச் சங்கத்தின் காலாண்டு மலரை இப்போது கௌசிக் பார்த்துக்கொள்கிறான். "அங்கிள், நவராத்திரி இதழுக்கு உங்க மரவேலைக் குறிப்பு ஒண்ணு வேணும். ஆத்துலயே கொலுப்படி பண்றது எப்படின்னு எழுதுங்கோளேன்" என்று போனில் கேட்டான். ஏற்கெனவே பதினோரு குறிப்புகள் எழுதியிருக்கிறேன்: உளி தீட்டுவது, கரையான் வராமல் காப்பது, தேக்கு என்று சொல்லி விற்கும் வேறு மரங்களைக் கண்டுபிடிப்பது. பன்னிரண்டாவது இது. முதல் பத்தி ஒழுங்காக வந்தது. இரண்டாவதில் எங்கள் தச்சர் நிமாய் மிஸ்திரி வந்துவிட்டார். மூன்றாவதில் பேனாவை மூடிவிட்டேன்.

பதினோரு குறிப்புகளையும் படித்துத் திருத்தியவள் ஷியாமளா, என் மனைவி. சென்ற பிப்ரவரியில் இறந்துபோனாள். இதைத் திருத்த ஆளில்லை.

2

அடித்த தொடக்கங்களையும் விட்டுவைக்கிறேன். நன்றாகச் சீவிய பலகையைப் பார்த்து மரத்தின் குணத்தைச் சொல்ல முடியாது. சீவாத பக்கத்தைத்தான் திருப்பிப் பார்க்க வேண்டும்.

முதல் தொடக்கம்: "கொலுப்படியை ஒவ்வொரு வருஷமும் பூட்டிக் கழற்ற வேண்டியிருப்பதால் ஆணியும் பசையும் கூடாது. சட்டத்தின் முனையை நாக்குபோலச் செதுக்கி, காலில் அதற்கேற்ற துளை போட்டு, நுழைத்து, ஆப்பு வைத்து இறுக்க வேண்டும்."

(இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் இதை எழுதியவரை நம்பலாமா என்று அது சொல்வதில்லை.)

இரண்டாவது: "ஆறேழு வருஷங்களுக்கு முன் ஜாதவ்பூரில், துறைமுக அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தன் மனைவிக்காக"

(ஒருவராம். அந்த ஒருவர் நான். மனைவிக்காக என்பதும் பொய். ஊரார் பார்க்கத்தான் செய்தேன்.)

மூன்றாவது: "நிமாய் மிஸ்திரி நல்ல

3

குறிப்பாகவே சொல்லிப் பார்க்கிறேன். வெட்கப்படுகிறவனுக்கு அளவுகள் துணை.

வெட்டிய மரம் ஈரத்தில் நீளவாக்கில் உப்பாது, அகலவாக்கில்தான் உப்பும். கல்கத்தா மழைக்காலத்தில் எல்லா மரமும் தண்ணீர் குடிக்கும். நாக்கின் அகலம் பருக்கும். காலில் மர இழை மேலும் கீழுமாக ஓடுவதால் துளையின் நீளம் அப்படியே இருக்கும். ஆகவே ஜனவரியின் வறண்ட காற்றில் கச்சிதமாகச் செய்த நாக்கு புரட்டாசியில் துளைக்குள் போகாது. நவராத்திரிக்கு வேண்டிய படியை மழைக்காலத்திலேயே அளவெடுத்துச் செய்ய வேண்டும்.

நான் ஜனவரியில் செய்தேன்.

மரம் தேர்ந்துகொடுத்தவர் நிமாய். எங்கள் பேட்டையில் பத்துப் பன்னிரண்டு தமிழ் வீடுகளுக்கு அவர்தான் தச்சர். காற்றுப் புக இடையிடையே குச்சி கொடுத்து ஒன்றரை வருஷம் அடுக்கிக் காயவைத்த தேக்கு அது. தோளில் சுமந்து மூன்றாம் மாடிக்கு ஏற்றிவந்தார். வங்காளத்தில்தான் பேசிக்கொள்வோம். அவருக்கு நான் மேஷோமோஷாய், ஷியாமளா மாஷிமா. சித்தப்பா, சித்தி என்கிற மாதிரி. எங்களுக்கு அவர் நிமாய்-தா, நிமாய் அண்ணன்.

"மேஷோமோஷாய், இப்ப செய்யாதீங்க. பூஜைக்குத்தானே? மழை வரட்டும், நானும் கூட வந்து நிக்கறேன்."

"புத்தகத்துல எல்லாம் போட்டிருக்கு, நிமாய்-தா."

"புத்தகம் எந்த ஊர்ல போட்டது?" என்று கேட்டுச் சிரித்தார். ஷியாமளாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. (இதை அடித்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் இதுதான் என்பதால் விட்டுவைக்கிறேன்.)

4

அமாவாசையன்று மத்தியானம் படியைப் பூட்ட உட்கார்ந்தேன். பதினான்கு நாக்குகளில் ஒன்றுகூடப் போகவில்லை. கொட்டாப்புளியால் தட்டினேன். மரம் முனகியது. வெளியே துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மாலை தமிழ் வீடுகள் எல்லாமும், பொம்மை பார்க்க மற்ற மாடிகளிலுள்ள வங்காளிகளும் வருவார்கள்.

இங்கே ஒரு குறிப்பு. நாக்கு இறுகினால் ஒரு மயிரிழை சீவி, பொருத்திப் பார்த்து, மறுபடி ஒரு மயிரிழை சீவ வேண்டும். கைவலுவில் நுழைந்தால் போதும். அதற்கு மேல் உளி படக்கூடாது.

நான் உளியை எடுத்துப் பதினான்கையும் ஒரே மூச்சில் சீவித் தள்ளினேன். படி நின்றது. அன்றைக்கு ஆப்பு அதைத் தாங்கிப் பிடித்தது. ஷியாமளா துடைப்பத்தை எடுத்துவந்தாள்.

ஒன்பது நாளும் பாராட்டு. "ஒரு ஆணிகூட இல்லையா?" என்று எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நானும் கூடவே குனிந்து காட்டினேன்.

5

பாராட்டு தலைக்கேறியதால், அடுத்த ஜனவரியில் பொங்கல் விழாவுக்குப் பரிசுக் கோப்பைகளை அடுக்க அந்தப் படியைச் சங்கத்துக்குக் கொடுத்தேன். கேட்காமலே கொடுத்தேன். மரம் வறண்டு ஒடுங்கியிருந்தது. நாக்குகள் துளைக்குள் ஆடின. ஆப்பை இன்னும் ஆழமாக அடித்து ஒப்பேற்றினேன்.

கடவுள் வாழ்த்து முடிந்து எல்லோரும் உட்காரும்போது படி சரிந்தது. யாருக்கும் அடியில்லை. கோப்பைகள் மேடை விளிம்புவரை உருண்டன.

செயலாளர் பத்மநாபன் மைக்கைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "ஓய், ஆணி இல்லாத படின்னீர். இப்ப படியே இல்லாம போயிடுத்தே."

சபை முழுவதும் சிரித்தது. நான் மேடையேறி ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"பச்சை மரம். காஞ்சதுன்னு சொல்லித் தலையில கட்டிட்டான்."

"யாரு, நம்ம நிமாயா?"

"அவன்தான்."

பச்சை மரமும் காயக் காய ஒடுங்கி இப்படித்தான் தளரும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மரவேலைக் குறிப்பு எழுதுகிறவன் சொன்னால் வேறென்ன நினைப்பார்கள்? சங்கக் கட்டடத்துக்குக் கதவும் ஜன்னலும் அந்த வருஷம் நிமாய் செய்வதாக இருந்தது. வேறு ஆளிடம் போயிற்று. பிறகு ஒவ்வொரு வீடாக அவரைக் கூப்பிடுவதை நிறுத்தின. என் வீடும் நிறுத்தியது. நிறுத்தாவிட்டால் நான் சொன்னது பொய்யென்று ஆகிவிடுமே.

6

[இந்தப் பகுதியில் ஷியாமளாவை நிறையப் பேசவைத்திருந்தேன். அழவும் வைத்திருந்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. நடந்தது இவ்வளவுதான்.]

அன்று வீடு திரும்பியதும் புடவையை மடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏன்னா, நவராத்திரிக்கு முன்னால நீங்க சீவினதைப் பெருக்கினது யாரு?"

"நீதான்."

"ஞாபகம் இருக்கு, இல்லையா."

புடவையை அலமாரியில் வைத்துவிட்டு, "நிமாய்-தாகிட்ட நீங்களே சொல்லிடுங்கோ. நான் போய்ச் சொன்னா நன்னா இருக்காது" என்றாள்.

"சொல்றேன்."

அதன்பின் இரண்டு முறை கேட்டாள். மூன்றாம் முறை கேட்கவில்லை. அடுத்த நவராத்திரியிலிருந்து ட்ரங்குப் பெட்டிகளையும் என் பழைய ஆபீஸ் புத்தகக் கட்டுகளையும் அடுக்கி, மேலே வேஷ்டி விரித்துக் கொலு வைத்தாள். என் படி கட்டிலுக்கடியில் கிடந்தது. "ஏன் மாமி, அந்தப் படி என்ன ஆச்சு?" என்று வருகிறவர்கள் கேட்டால், "இதுதான் எனக்குச் சௌகரியம்" என்பாள்.

7

இந்த வருஷம் எங்கள் வீட்டில் கொலு கிடையாது. புனேயிலிருக்கும் என் மகள் சஹானா பொம்மைகளைக் கேட்டாள். போன வாரம் பெட்டியைத் திறந்தேன். பொம்மைகளைக் கட்டி வைப்பதும் பிரிப்பதும் எப்போதும் ஷியாமளாவின் வேலை. நான் அந்தப் பெட்டிக்குள் பார்த்ததே இல்லை.

தசாவதாரம் பத்தும் பழைய புடவைத் துணியில் சுற்றியிருந்தன. இடையில் உடையாமலிருக்க மரச்சீவல் அடைத்திருந்தாள். தேக்கு. இரண்டு அங்குலச் சீவல்கள், நாக்கின் நீளத்துக்குச் சரியாக. சிலவற்றின் ஓரத்தில் பென்சில் கோடு இருந்தது. அது என் கோடு. எதுவரை சீவலாம் என்று நான் போட்டுக்கொண்டு, பிறகு மதிக்காமல் தாண்டிய கோடு.

வருஷா வருஷம் பிரித்து, வருஷா வருஷம் அதையே திரும்ப அடைத்திருக்கிறாள்.

8

முடிவுகள்.

ஒன்றில் நான் சீவல்களை ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் நிமாயிடம் காட்டுகிறேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் ஒரு விஷயமா, மேஷோமோஷாய்" என்கிறார். இதை ஒரே மூச்சில் எழுதினேன். அந்தப் பதினான்கு நாக்குகளைச் சீவியதைப் போல. கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் நிமாய் இறந்துபோயிருக்கிறார். சொல்ல ஆளில்லை, ஆகவே கண்ணீர் மட்டும். இதை எழுதியதற்காக இன்னும் கூசுகிறேன். அவர் இருக்கிறார். இரண்டு சந்து தள்ளி ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் நீலச் சட்டை போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார், காலையிலிருந்து இரண்டு மணிவரை. பால் வாங்கப் போகும்போது பார்க்கிறேன். நான் தலையசைப்பதற்கு முன்பே எழுந்து நிற்பார்.

ஷியாமளாவின் பதின்மூன்றாம் நாளன்று கையில் சம்பங்கிக் கொத்தோடு மாடியேறி வந்தார். படத்தின் முன்னால் வைத்துவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்:

"மாஷிமாவோட படி விழுந்ததை நான் இன்னும் யோசிச்சுப் பாக்கறேன். தட்டிப் பாத்து, எடை பாத்துத்தான் கொடுத்தேன். எங்க தப்பு பண்ணினேன்னு தெரியல. மரம் தெரியலேன்னா உளி எதுக்குன்னு விட்டுட்டேன்."

வேலை போனதால்தான் தொழிலை விட்டார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதுவே போதுமான பாவம் என்றும் நினைத்திருந்தேன். தன் கையை அவர் நம்பாமல் போய்விட்டார் என்பது எனக்குத் தெரியாது. அப்போதாவது வாய் திறந்திருக்க வேண்டும். "வீடு நிறைய ஜனம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொங்கல் சபையில் மட்டும் ஜனம் குறைவாகவா இருந்தது?

9

நேற்று சஹானா போனில் கேட்டாள்: "பாபா, கீ லிக்ச்சோ? என்ன எழுதறே? ஒரு வாரமா எழுதறே, எழுதறே."

"மரவேலை பத்தி."

"எனக்குத் தமிழ் படிக்க வராதே. வாய்ஸ் போட்டு அனுப்பு."

"உனக்கு போர் அடிக்கும்மா."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. என் மகளால் படிக்க முடியாத மொழியில், நிமாயால் படிக்க முடியாத மொழியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். படிக்கத் தெரிந்தவள் போய்விட்டாள். மிச்சம் நீங்கள்தான். அன்று சபையில் சிரித்தவர்கள், பிறகு அவரைக் கூப்பிடாமல் விட்டவர்கள்.

இதைக் கௌசிக்குக்கு இன்று அனுப்புகிறேன். மலர் அச்சாகி உங்கள் கைக்கு வர மூன்று வாரம் ஆகும். எனக்குள்ள அவகாசம் அதுதான். தினமும் பால் வாங்கப் போகிறேன். சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை, அவருடைய மொழியில்: காட் பாலோ சிலோ. மரம் நன்றாகத்தான் இருந்தது.

முடிவை நான் எழுதவில்லை. இதைப் படித்தவுடன் யாராவது அந்த வாசலுக்குப் போங்கள். நிமாய்-தா, அந்தக் கொலுப்படி மரம் எப்படிப்பட்டது என்று கேளுங்கள். "மேஷோமோஷாய் வந்து சொல்லிட்டுப் போனாரே" என்று அவர் சொன்னால், ஏதாவது ஒரு நாற்காலிக் காலைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டால், அந்த மூன்று வார்த்தையை நீங்கள் சொல்லிவிடுங்கள். சொன்னது யார் என்று கேட்டால் என் பெயரையும் சொல்லுங்கள். லக்ஷ்மிநாராயணன், மூன்றாம் மாடி.