பின்னணியில் ஒரு கலங்கரை விளக்கம்

அந்தச் செடியைக் கண்டுபிடித்த நாளிலிருந்து பேராசிரியர் அடக்கமாக இருக்கப் படாத பாடு பட்டார், முடியவில்லை. கப்பலே எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும் ஒரு தீவு. அங்கே ஒரே ஒரு பாறை. அதன் பிளவுகளில் மட்டும், பச்சைக் குழந்தை விரல் மடக்கியதுபோலச் சதைப்பற்றான சாம்பல் இலைகளோடு சில செடிகள். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. விவரம் தெரிந்தால், அரிய செடிகளை விற்றுக் காசு பார்க்கும் திருடர்கள் வேரோடு பெயர்த்துவிடுவார்கள் என்று, ஆய்வுக் கட்டுரையில் இடத்தை மறைத்தே எழுதினார். அதுவரை சரி.

பிறகு ஒரு பத்திரிகைக்காரர் செடியின் படம் கேட்டார். பேராசிரியர் தன் படத்தை அனுப்பினார். பாறைமேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, இடுப்பில் கை ஊன்றி, கடலையே விலைபேச வந்தவர்போல நின்றிருந்தார். செடி அவருடைய பூட்ஸ் ஓரத்தில் கடுகளவு தெரிந்தது. பின்னால், அந்தக் கடல் பக்கமெல்லாம் பிரசித்தமான, அந்தத் தீவின் இடிந்த கலங்கரை விளக்கம் ஜம்மென்று தெரிந்தது. படம் அப்படியே பத்திரிகையில் வந்தது.

தீவுக் காவலாளி போன் செய்தபோது பேராசிரியர் சாப்பாட்டில் இருந்தார்.

"ஐயா, பாறை மொட்டையா கெடக்கு. ஒண்ணு விடாம நோண்டிட்டுப் போயிட்டானுங்க. இடம் தெரிஞ்சது உங்களுக்கும் எனக்கும்தானாம். நான்தான் காட்டிக் கொடுத்தேன்னு வேலையை விட்டு நிறுத்திட்டாங்க."

"உன்னைப் போயா?"

"பின்ன, உங்களைச் சந்தேகப்பட முடியுமாய்யா?"

திருடர்களை ஏழு தலைமுறைக்குச் சேர்த்துத் திட்டியும் பேராசிரியருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் மைத்துனன் வந்தான், கையில் ஒரு குட்டித் தொட்டியோடு.

"மாமா, பிறந்தநாள் பரிசு! உங்க செடியேதான். அசல் சரக்கு. விக்கிறவன் உங்க படத்தையே போட்டிருக்கான், பாருங்க!"

செல்போனில் பேராசிரியர் கால் தூக்கி நின்றார். கலங்கரை விளக்கத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே: ‘பேராசிரியரே இடம் காட்டுகிறார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?’

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"செடிப் படம் கேட்டா உங்க படத்தை அனுப்பினீங்களே! இப்ப அந்தக் காவலாளி வீட்டுல அடுப்பு எரியுதோ இல்லையோ."

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்?"

"நீ வாயை மூடு. உனக்கு அப்புறம் இருக்கு."

பேராசிரியர், காவலாளியை வேலையை விட்டு நிறுத்திய வனத்துறை அதிகாரிக்குப் போன் போட்டார். "விஞ்ஞானபூர்வமாகப் பார்த்தால்..." என்று ஆரம்பித்தார். மனைவி முறைத்தாள்.

"தப்பு என்னுதுதான் சார். காவலாளி மேல ஒண்ணும் இல்ல."

"அடடா! ஒரு காவலாளிக்காகப் பழியை உங்க தலையில போட்டுக்கறீங்களே. எவ்வளவு பெரிய மனசு சார் உங்களுக்கு!"

"மனசெல்லாம் இல்ல சார். நான்தான்..."

"என்ன தன்னடக்கம்!" என்று அதிகாரி பக்கத்திலிருந்த யாரிடமோ வியந்தார்.

ஊரெல்லாம் பாராட்டியபோது இனித்த காது இப்போது கூசியது. தொட்டியில் செடி வேர் அறுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பேராசிரியர் மைத்துனனின் செல்போனைப் பிடுங்கி, விளம்பரத்தை ஒரு எழுத்து விடாமல் உரக்க வாசித்தார். சிவப்பு வட்டம் எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னார்.

மறுமுனையில் பாராட்டு நின்றுபோனது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"மறுபடி வாசிங்க" என்றார் அதிகாரி. குரலில் ‘சார்’ இல்லை.

"வாசிக்கிறேன். அந்த ஆளை முதல்ல வேலைக்குக் கூப்பிடுங்க. அப்புறம் என்னை விசாரிங்க."