ஒரு கை நீளம்

அரசி அந்த அங்கியோடு அரண்மனை மாடத்தில் வந்து நின்று பதினோரு நாள் ஆகியிருந்தது. அதற்குள் ஊரில் ஒரு பெண்ணின் சட்டையில்கூட இரண்டு கையும் ஒரே அளவாக இல்லை. வலது கை முழங்கையோடு நின்றது. இடது கை தொங்கியது. அரசிக்கு விரல் நுனி வரை என்றால் அமைச்சர் மனைவிக்கு முழங்கால் வரை. நீண்ட கை கருணையாம், குட்டைக் கை நீதியாம். அவைப்புலவர் பாடியே விட்டார்.

உண்மை தெரிந்தவள் ஒருத்திதான். அரண்மனைத் தையலறையில் கடைசி நாற்காலிக்காரி. ஆள் இருக்கிற ஒல்லிக்கு எல்லோரும் அவளை ஊசி என்றே கூப்பிட்டார்கள்.

நடந்தது இதுதான். அரசியின் தோழி அங்கியை மேசையில் போட்டு, "மாடத்துல குளிருதாம். கை விரல் வரைக்கும் வரணுமாம். கொஞ்சம் ஒரு கை பாரும்மா" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் வேலையை முடிக்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். காலையிலிருந்து சட்டை சட்டையாகக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்த ஊசிக்கு, ஒரு கை என்றால் ஒரு கைதான். எந்தக் கை என்று கேட்க ஆளில்லை. அவளே யோசித்தாள். கையெழுத்துப் போடுவது வலது கை. அதில் துணி தொங்கினால் மையில் விழும். ஆகவே இடது. அறிவாகத்தான் யோசித்தாள், கேள்விதான் தப்பு.

சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் அக்கா அன்று சாயங்காலம் இடுப்பு வரை நீலமாக வீட்டுக்கு வந்தாள்.

"இன்னிக்கும் கை தொட்டில விழுந்துடுச்சுடி. வெள்ளைத் துணி மேலெல்லாம் நீலக் கோடு. இன்னொரு தடவை ஆச்சுன்னா வேலைக்கே வர வேணாம்னுட்டா முதலாளியம்மா."

"மடிச்சு விட்டுக்கோயேன்க்கா."

"மடிச்சா ராணியை அவமதிக்கிறதாம். நேத்து வரைக்கும் ஒருத்தியைக் கை நீளம்னு சொன்னா, என்னைத் திருடிங்கிறியான்னு அடிக்க வருவா. இன்னிக்கு என்னடான்னா, இந்தத் தெருவுலயே எனக்குத்தான் கை நீளம்னு முதலாளியம்மா பீத்திக்கிறா. எவ புத்தியில உதிச்சுதோ, அவ விளங்குவாளா?"

ஊசி கணக்குப் போட்டுப் பார்த்தாள். சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் அக்கா வேலை போகும்.

மறுநாள் காலை அரசியிடமிருந்து ஆள் வந்தது. அந்தக் கையைத் தைத்தவளே அடுத்த அங்கிக்கு அளவெடுக்க வரவேண்டுமாம்.

ஆளுயரக் கண்ணாடி முன்னால் அதே அங்கியோடு அரசி நின்றிருந்தார். பக்கத்தில் தோழி. ஊசி அளவு நாடாவைப் பிரித்தாள்.

"ராணியம்மா, அந்த நீளக் கை..."

"கருணை. தெரியும், பாட்டைக் கேட்டேன்" என்றார் அரசி.

"இல்லைங்கம்மா. அது தப்பு. ஒரு கை பாருன்னாங்க. நான் நெசமாவே ஒரு கையை மட்டும் பார்த்துட்டேன்."

தோழி கையால் வாயைப் பொத்தினாள். துணி முகம் முழுவதையும் மூடிக்கொண்டது.

"ஏன் இத்தனை நாளாச் சொல்லலை?" என்று கேட்டார் அரசி.

"வேலை போயிடும்னு பயம்மா. இப்ப எங்க அக்கா வேலை போகப்போகுது. சாயப்பட்டறையில இருக்கா. கை போய்ப் போய்த் தொட்டில விழுது."

"எனக்குச் சாப்பாட்டுத் தட்டுல விழுது."

ஊசிக்குத் தைரியம் எங்கிருந்து வந்ததோ. "அப்புறம் ஏம்மா போட்டுக்கிறீங்க?" என்று கேட்டேவிட்டாள்.

அரசி கதவைப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது. மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து ஊசியிடம் கொடுத்து, இடது கையை நீட்டினார்.

"வெட்டு. மத்தியானம் இதோட போய் வெளியே நிக்கிறேன். பொழுது சாயறதுக்குள்ள ஊரே வெட்டிடும், உங்க அக்கா முதலாளியம்மா உட்பட."

கத்தரிக்கோல் துணியில் ஓடத் தொடங்கியதும் அரசி குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு மாடத்துல நின்னு ஜனங்களைப் பார்த்துக் கையை ஆட்டினேன் பாரு, அப்பதான் நானே அதைக் கவனிச்சேன். அத்தனை பேர் முன்னாடி உள்ளே ஓடவா முடியும்?"