ஜெபக் குறிப்பு

மருத்துவமனையின் மருந்துக் கவுன்டரில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் அவள். ஒரே ஒரு நாள் மாத்திரை அட்டை மாறிப்போயிற்று. ஐந்து மில்லிகிராமுக்குப் பதில் ஐம்பது. வார்டு நர்ஸ் கவனித்து, சத்தமில்லாமல் மாற்றி வாங்கிப் போனதால் நோயாளியான பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனது இவளுக்குத்தான். சீட்டை நாலு தரம் படிப்பாள். மருந்தைக் கொடுத்த பிறகும் பின்னாலேயே ஓடி, வாங்கிப் பார்ப்பாள். வாயில் வைத்தது இறங்கவில்லை. நெஞ்சு எந்நேரமும் படபடவென்று அடித்துக்கொண்டது.

அண்ணி ஜெபக்குழுவை நடத்துகிறவள். அவளிடம் மட்டும் சொன்னாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணி."

"சொல்வேனா? ஜெபத்துல வச்சுக்கறேன்."

வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, முப்பது பேர் கண்மூடி நிற்க, நாத்தனாரின் தலையில் ஒரு கையும் மைக்கில் ஒரு கையுமாக முழங்கினாள்: "ஆண்டவரே, தவறான மருந்தைக் கொடுத்துவிட்டுச் சமாதானமின்றித் தவிக்கும் இந்தப் பிள்ளையைக் கண்ணோக்கிப் பாரும்!"

ஆண்டவர் பார்த்தாரோ என்னவோ, அந்த முப்பது பேரில் நின்ற மருந்தகப் பொறுப்பாளரின் மனைவி கண்ணைத் திறந்து நன்றாகவே பார்த்தாள்.

புதன்கிழமை இவளைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். பெட்டி இறக்கி அடுக்குகிற வேலை.

அன்று மதியம் கிடங்குக் கதவைச் சாத்திவிட்டு ஒரு குளுக்கோஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். ஜெபிக்க வாயெடுத்தால், குழுவில் பழகிய பெரிய வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"அண்ணிய நெனச்சாலே பத்திக்கிட்டு வருது ஆண்டவரே. ஆனா செஞ்சது நான்தான். அந்த நர்ஸ் பாக்கலைன்னா அந்தப் பெரியவர் செத்திருப்பாரு. நானே போய்ச் சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். இப்பவும் பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன். என்னால தூக்க முடியல. நீங்க புடிச்சுக்கங்க."

அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி அதையே சொன்னாள். எழுந்தபோது படபடப்பு அடங்கியிருந்தது. இரண்டு மாதத்தில் முதல்முறையாகப் பசித்தது. மறுநாளும் போய் உட்கார்ந்தாள், அதற்கு மறுநாளும்.

மூன்று வாரத்தில் ஆள் தேறிவிட்டாள். நடந்ததையெல்லாம் தன் கைப்பட எழுதிக்கொண்டுபோய்ப் பொறுப்பாளரிடம் கொடுத்து, மறுபடி கவுன்டருக்கு விடும்படி கேட்டாள்.

அவர் கடைசி வரி வரை படித்தார். "இத அன்னைக்கே எழுதியிருக்கணும்மா. இனிமே அங்க விட முடியாது" என்று மடித்து மேசைக்குள் போட்டார்.

அண்ணிக்கு இவள் தேறியது மட்டும் தெரிந்தது. போனில் அழைத்தாள். "பாத்தியா ஜெபத்தோட வல்லமைய! ஞாயித்துக்கிழமை நீயே வந்து சாட்சி சொல்லணும்."

"நான் வரல அண்ணி."

"கர்த்தர் செஞ்சத மறைக்கலாமா?"

"மறைக்கல. நீங்க செஞ்சதையும் சேத்துச் சொல்லட்டுமா?"

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. அதோடு அண்ணனும் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

இன்னும் கிடங்கில்தான் இருக்கிறாள். நன்றாகத் தூங்குகிறாள். அண்ணியை மன்னிக்க மட்டும் மனம் வரவில்லை. அதையும் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரிடமே சொல்கிறாள்.