வாய்க்காலுக்கு அந்தக் கரை

விஜயராகவனின் ஓட்டலில், சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் படத்துக்குள் ஏழு குடும்பங்கள் குடியேறி இந்தச் சித்திரையோடு இரண்டு வருடம் முடிகிறது. தண்ணீர் லாரி எங்கே நிற்பது என்பதில் மட்டும் இன்னும் தகராறு தீரவில்லை.

படத்தை வரைந்தவர் 1912-ல், ஓட்டல் ஆவதற்கு முன் அந்த வீட்டு மாடியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர். பச்சை ஜன்னல், அதற்கு அப்பால் பெரிய வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தக் கரையில் மஞ்சளும் நீலமுமாய்க் கட்டம் கட்டமாக ஏழு வீடுகள். நிழல் இல்லை, தூரம் இல்லை, எல்லாம் தட்டையான வண்ணம். அந்தக் காலத்தில் அது பெரிய புதுமையாம். ஆட்களையும் அவர் வரையவில்லை. வாசலில் உட்கார்ந்து மீன் கழுவியவர்கள் வண்ணத்துக்கு இடைஞ்சலாகத் தெரிந்திருப்பார்கள். போகட்டும், செத்துப்போன மனிதர்.

விஜயராகவனை அப்படி விட முடியாது. அவருக்குக் கார் நிறுத்த இடம் வேண்டியிருந்தது. அந்த ஏழு வீடுகளில் ஒன்றில்தான் செல்வாம்பாள் இருந்தாள். அவருடைய ஓட்டலிலேயே பதினோரு வருடமாகப் படுக்கை விரிப்பு துவைப்பவள். அவள் துவைத்த விரிப்பில் படுத்து எழுந்துதான் அவர் நகராட்சிக்கு மனு எழுதினார்: வாய்க்கால் கரையில் எந்தக் காலத்திலும் யாரும் குடியிருந்ததில்லை, ஆதாரம் இத்துடன் இணைத்துள்ள படம், அதில் ஓர் ஆள்கூட இல்லை. செல்வாம்பாள் தாத்தா காலத்துப் பத்திரத்தைக் கொண்டுபோனாள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தது என்பதால் அது பிரெஞ்சில் இருந்தது. மொழிபெயர்த்துக் கொண்டுவா என்றார்கள். படத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜேசிபி வந்தது, பதினொன்றரைக்கு வேலை முடிந்தது, உலையில் வெந்துகொண்டிருந்த சோறு மண்ணோடு போனது. எழுதும்போதே வயிறு எரிகிறது.

படத்தில் மட்டும் வீடுகள் அப்படியே நின்றன. விருந்தாளிகள் மதியச் சாப்பாட்டில் இருக்கும்போது ஏழு குடும்பமும் குடம், சிலிண்டர், தையல் மெஷின், ஒரு வெள்ளாடு சகிதம் கூடத்துக்குள் நுழைந்து, நாற்காலி போட்டு ஏறி, படத்தின் பச்சை ஜன்னலைத் தாண்டி உள்ளே இறங்கினார்கள்.

"பாத்து, பாத்து! பிரேமு கீறிடப் போவுது!" என்று விஜயராகவன் கத்தினார்.

"ஊட்ட இடிக்கும்போது இந்தப் பதட்டம் எங்க போச்சி சார்?" என்றாள் செல்வாம்பாள், ஆட்டைத் தூக்கி உள்ளே கொடுத்தபடி.

பிறகு கூடத்தில் குக்கர் விசில் கேட்டது, கருவாட்டுக் குழம்பு மணத்தது. விஜயராகவனுக்கு வெட்கம் வரவில்லை, விளம்பரம் செய்தார். படத்துக்கு எதிர் மேஜை வேண்டுமென்றால் மூன்று வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும் என்று ஆனது. செல்வாம்பாள் தலை சீவுவதை, சோறு தின்பதை, தூங்குவதை வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள். ஒரு மதியம் ஒருத்தர் அவளைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். அவள் எழுந்து வந்து, கையிலிருந்த ஈரப் புடவையை அவர் சூப்பில் உதறிவிட்டு, ஜன்னல் கதவு இரண்டையும் இழுத்துச் சாத்தித் தாழ் போட்டாள்.

அன்றிலிருந்து அது மூடிய ஜன்னலின் படம். கூடத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் அதன் தூசியைத் துடைக்கிறார்கள். விஜயராகவனும் தினம் காலையில் வந்து தட்டுகிறார்.

"செல்வாம்பா, கொஞ்சம் தொறம்மா."

உள்ளே அம்மியில் அரைக்கும் சத்தம் நிற்கிறது.

"இங்க யாரும் குடியில்லன்னு நீதான எழுதிக் குடுத்த? போய்யா."