காலுறைக்குள் போன பற்றரி

தவமலர் ஏழு மாதம் கடிதம் எழுதி எழுதி வாங்கிய தடைவிலக்கு அனுமதி அது. அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்ட நாடொன்றில் உள்ள, காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் காலுறையும் காதுக் கருவிக்கான பற்றரியும் அனுப்பலாம். நேரே அனுப்ப ஏலாது, பக்கத்து நாட்டுத் தொண்டு நிறுவனத்தின் கைவழியாகத்தான். அதுவும் இன்று மாலை ஐந்து மணி வரைதான். தவறினால் அறுபது பிள்ளைகள் இந்தத் தவணையும் ஆசிரியரின் வாயைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கவேணும்.

எழுத்து அவள் பொறுப்பு, கட்டுவது கணவர் யோகராஜாவின் பொறுப்பு. கட்டுவதில் மனுசன் மன்னன். யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்றரியும் உடுப்புத் தோய்க்கிற சவுக்காரமும் ஒளித்துக்கொண்டு ஆறு சோதனைச்சாவடி தாண்டியவர். ஒன்றுகூடப் பிடிபட்டதில்லை.

அவர்கள் புலம்பெயர்ந்து வாழும் ஹவுன்ஸ்லோவில், சரக்குக் கொட்டகையின் சுங்க அதிகாரிப் பெண் பெட்டியைத் திறந்து பட்டியலோடு ஒப்பிட்டாள்.

"காலுறை சரி. பற்றரி எங்கே?"

"இஞ்சேருங்கோ, வைச்சனீங்கள்தானே?" என்று கணவரைப் பார்த்துக் கேட்டாள் தவமலர்.

"ஓம்."

தான் செய்த வேலை அப்போதுதான் அவருக்கே உறைத்தது. சொன்னால் கள்ளன், சொல்லாவிட்டால் பெட்டி போகாது. மணி நாலேகால்.

பந்தாகச் சுருட்டியிருந்த காலுறை ஒன்றை எடுத்து உதறினார். பற்றரி அட்டையொன்று மேசையில் விழுந்தது. அடுத்ததை உதறினார். அதிலும் இருந்தது.

"அனுமதி உள்ள பொருளை ஏன் ஒளித்தீர்கள்?" அதிகாரிக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. தெரிந்த ஆங்கிலத்தில் ஊர்த் தடையின் கதையைச் சொல்லிவிட்டு, யோகராஜா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"அனுமதி கிடைச்சது எனக்குத் தெரியும். இந்தக் கையளுக்கு இன்னும் தெரியாது."

அதிகாரி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தானும் ஒரு காலுறையை எடுத்து உதறினாள். மூன்று பேருமாகப் பற்றரி அட்டைகளை மேலே தெரிய அடுக்கினார்கள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க முத்திரை விழுந்தது. யோகராஜா சந்தோசத்தில் பெட்டியின் நாலு பக்கமும் 'பற்றரி' என்று பெரிதாக எழுதினார், தமிழில். அங்கே யார் வாசிக்கப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் தவமலர் மெல்லக் கேட்டாள்.

"வீட்டிலையும் ஏதும் ஒளிச்சு வைச்சிருக்கிறியளோ?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "கட்டிலுக்குக் கீழை கொஞ்சச் சவுக்காரம்."

"எவ்வளவு?"

"ஒரு அறுபது கட்டி இருக்கும். தடை எப்ப வரும் எண்டு ஆர் கண்டது?"

தவமலர் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த கடிதத்திலை சவுக்காரத்தையும் எழுதிறன்," என்றாள். "ஆனா, பெட்டி கட்டுறது நான்."